நீல ஒளியும் நித்திரையும்

கைப்பேசி, கணினி, தொலைக்காட்சி முதலியவற்றின் திரைகளிலிருந்து புறப்படும் நீல ஒளி நமது நித்திரையைக் கெடுக்கிறது, கண்களையும் பழுதாக்குகிறது என்னும் அபிப்பிராயம் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உலகமெங்கும் பரவி, மூக்குக் கண்ணாடிக் கடையிலும், பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்திலும், அலுவலகத்துச் சிற்றுண்டி வேளையிலும் தயக்கமின்றிச் சொல்லப்படும் பொதுவார்த்தையாகிவிட்டது. இந்த அபிப்பிராயத்தில் இரண்டு வழக்குகள் ஒன்றாகச் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கின்றன. நித்திரையைப் பற்றியது ஒன்று. கண்ணின் நலத்தைப் பற்றியது மற்றொன்று. முன்னதற்குச் சாட்சியம் உண்டு, ஆனால் அது மக்கள் நினைக்கும் அளவுக்குப் பலமுடையதன்று. பின்னதற்கோ, வீட்டிலும் அலுவலகத்திலும் நாம் பார்க்கும் திரைகளைப் பொறுத்தவரையில், சாட்சியம் என்று சொல்லத்தக்கது அநேகமாகக் கிடையாது. இரண்டையும் பிரித்து, ஒவ்வொன்றையும் அதனதன் ஆதாரத்தைக் கொண்டு நிறுத்துப் பார்த்தால், நிறத்தின்மேல் சுமத்தப்பட்ட குற்றத்தின் பெரும்பகுதி ஒளியின் அளவையும் அது கண்ணில் விழும் வேளையையுமே சாரும் என்பது என் துணிபு.

1729-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு வான சாஸ்திரியான டி மெரான் என்பவர், பகலில் இலை விரித்து இரவில் இலை கூம்பும் தொட்டாற்சுருங்கி இனத்துச் செடி ஒன்றை வெளிச்சம் புகாத இடத்தில் வைத்துக் கவனித்தார். சூரியனைக் காணாத அந்தச் செடி, காலையில் விரியவும் மாலையில் கூம்பவும் தவறவில்லை. ஜீவராசிகளுக்குள்ளேயே காலத்தைக் காட்டும் ஒரு கடிகாரம் இருக்கவேண்டும் என்னும் எண்ணத்துக்கு அதுவே வித்தாயிற்று. அக்கடிகாரத்தை நடத்தும் மரபணுக்களைப் பழ ஈயிடம் கண்டு விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. மனிதனிடத்தில் இந்தக் கடிகாரம், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் அடிப்பாகத்தில், ஏறக்குறைய 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு தொகுதியாக அமைந்திருக்கிறது. அது 24 மணி நேரத்தைத் துல்லியமாகக் காட்டுவதில்லை. பெரும்பாலோரிடம் சில நிமிஷங்கள் நீண்டே ஓடுகிறது. ஆகையால் நாள்தோறும் அதைத் திருத்தி வைக்கவேண்டியிருக்கிறது. அந்தத் திருத்தத்தைச் செய்வது ஒளி.

கடிகாரத்தின் கட்டளையால் மாலையில் சுரக்கத் தொடங்கி இரவு முழுவதும் உடம்பில் நிறைந்திருக்கும் மெலடோனின் என்னும் சுரப்பை, 1958-இல் யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆரன் லெர்னர், மாடுகளின் பீனியல் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்தார். ஒளி பட்டால் மிருகங்களில் இச்சுரப்பு அடங்கிவிடும் என்பது விரைவில் தெரியவந்தபோதிலும், மனிதன் மட்டும் அதற்கு விலக்கு என்றே இருபது ஆண்டுக் காலம் கருதப்பட்டது. சாதாரண அறை விளக்கைக் கொண்டு செய்த சோதனைகளில் யாதொரு விளைவும் புலப்படாமையே அதற்குக் காரணம். 1980-இல் ஆல்ஃபிரட் லூயியும் அவருடைய சகாக்களும் 2,500 லக்ஸ் அளவுள்ள பிரகாசமான ஒளியை நடுநிசியில் காட்டியபோதுதான் மனிதனிடத்தும் மெலடோனின் சரிந்தது. முதற்கேள்விக்கு விடையளித்தது ஒளியின் அளவே என்பதை இங்கே குறித்துக்கொள்ளவேண்டும்; பின்னால் நிறத்தைப் பற்றிய ஆரவாரத்தில் இது மறக்கப்பட்டது.

நிறம் இந்தக் கதைக்குள் நுழைந்த விதம் மிகவும் சுவாரசியமானது. பார்வைக்கு உதவும் கோலணுக்கள் கெட்டுப்போன எலிகளின் கண்மணி, ஒளி பட்டவுடன் சுருங்குவதை 1920-களிலேயே கிளைட் கீலர் என்ற அமெரிக்க மாணவர் கண்டு எழுதியிருந்தார். அதைப் பொருட்படுத்துவார் இல்லை. 1995-இல் சார்லஸ் சைஸ்லர் குழுவினர் பார்வையை முற்றும் இழந்த 11 பேரைச் சோதித்ததில், 3 பேருக்குக் கண்ணில் விழுந்த ஒளி மெலடோனினை அடக்கியது. வெளிச்சம் என்பதையே அறியாத அம்மூவரின் கண்கள் மூளைக்கு வெளிச்சச் செய்தியை அனுப்பிக்கொண்டிருந்தன! அப்படியானால் கண்ணின் விழித்திரையில், பார்ப்பதற்கென்று அமைந்த கூம்பணுக்களும் கோலணுக்களும் அல்லாத மூன்றாவது வகை ஒளியுணர் அணு ஒன்று இருந்தாகவேண்டும். 1998-இல் இக்னேஷியோ புரொவென்சியோ, தவளையின் தோலில் நிறம் மாற்றும் அணுக்களிலிருந்து மெலனாப்சின் என்னும் ஒளியுணர் நிறமியைக் கண்டெடுத்தார். அதே நிறமி விழித்திரையிலும் இருப்பது சில ஆண்டுகளுக்குள் வெளியாயிற்று. 2001-இல் பிரெய்னர்டு குழுவும் தாப்பன் குழுவும் தனித்தனியே ஆராய்ந்து, மெலடோனினை அடக்குவதில் 460 நேனோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளியே மிகவும் வல்லது என்று ஒருமித்த முடிவுக்கு வந்தனர். மறு ஆண்டில் டேவிட் பெர்சன், தாமாகவே ஒளியை உணரும் விழித்திரை நரம்பணுக்களை நேரில் பிடித்துக் காட்டினார். அவற்றின் மெலனாப்சின் 480 நேனோமீட்டரை ஒட்டிய ஒளிக்கே மிகுதியாக இணங்குகிறது. விஞ்ஞான சரித்திரத்தில் இவ்வளவு நேர்த்தியாக ஒன்றோடொன்று பொருந்திய கண்டுபிடிப்புகள் அதிகம் இல்லை.

இதே காலத்தில், முற்றிலும் வேறொரு துறையில், ஜப்பானில் அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகியோரின் உழைப்பால் நீல நிற எல்.இ.டி. விளக்கு உருவாயிற்று, 2014-இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு அதற்கே வழங்கப்பட்டது. இன்று நாம் வெள்ளை விளக்கு என்று வாங்குவதும், திரையின் பின்னால் எரிவதும் பெரும்பாலும் 450 நேனோமீட்டர் அளவில் ஒளிவிடும் நீல எல்.இ.டி.யின்மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சு ஒன்றை இட்டுச் செய்தவையே. ஆகவே அவற்றின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால், பழைய குண்டு விளக்கில் காணாத கூர்மையான ஒரு முகடு நீலத்தில் எழுந்து நிற்கும். ஒருபுறம் நீலத்துக்கு விசேஷமாக இணங்கும் அணு. மறுபுறம் நீலம் மிகுந்த திரை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் சந்தேகம் கொண்டது நியாயமே. ஆனால் சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு.

அந்நிரூபணத்தைத் தேடிய பரிசோதனைகளில் மிகுதியும் பிரஸ்தாபிக்கப்படுவது, சைஸ்லர் குழுவினர் பாஸ்டனில் நடத்தி 2014-இன் இறுதியில் வெளியிட்டது. 12 பேர் இரவில் படுக்கைக்கு முன் நான்கு மணி நேரம், ஐந்து இரவுகள் அச்சுப் புத்தகமும், வேறு ஐந்து இரவுகள் ஒளிவிடும் பலகைக் கணினியில் புத்தகமும் படித்தனர். திரையில் படித்த இரவுகளில் மெலடோனின் பாதிக்கு மேல் குறைந்தது. மறுநாள் அதன் எழுச்சி ஒன்றரை மணி நேரம் பின்தள்ளிப் போயிற்று. காலையில் மந்தமும் மிகுந்திருந்தது. பத்திரிகைகள் இத்தனையும் எழுதின. ஆனால் உறங்கத் தொடங்குவதற்குப் பிடித்த அதிகப்படி நேரம் சுமார் பத்து நிமிஷமே என்பதையும், திரை முழுப் பிரகாசத்தில் வைக்கப்பட்டிருந்ததையும், அறை மிகவும் மங்கலாக இருந்ததையும், பரிசோதனைக்கு உட்பட்டவர்கள் வெயிலைக் காணாமல் உள்ளேயே வைக்கப்பட்டிருந்ததையும் அந்த ஊக்கத்தோடு எழுதியவர்கள் சிலரே. 2016-இல் ஸ்வீடன் தேசத்து உப்சாலாவில் இக்குறை நீக்கப்பட்டது. பகலில் ஆறரை மணி நேரம் நல்ல வெளிச்சத்தில் இருந்தவர்களிடம் மாலையில் இரண்டு மணி நேரப் பலகைக் கணினி வாசிப்பையும் புத்தக வாசிப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தனர்; மெலடோனினிலும் நித்திரையிலும் வித்தியாசமே தென்படவில்லை. இந்த இரண்டு சோதனைகளையும் அருகருகே வைத்துப் படிக்கிறவர்களுக்கு ஒன்று விளங்கும்: இரவின் திரை எவ்வளவு தீங்கு செய்யும் என்பதை நிர்ணயிப்பது திரை மட்டுமன்று, அன்று பகல் முழுவதும் கண் பெற்ற வெளிச்சமுமாகும்.

அளவுகளைச் சற்று நிதானித்துப் பார்ப்பது இங்கே அவசியம். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுள்ளது; மேகம் மூடிய பகலும் பத்தாயிரத்தை எட்டும். வெளியில் நிற்பவன் கண்ணுக்கு இது கிடைக்க, அலுவலகத்தில் அமர்ந்தவன் கண்ணுக்கோ சில நூறு லக்ஸே வந்து சேரும். வீட்டுக் கூடத்தில் நூறோ இருநூறோ இருக்கலாம். கையில் பிடித்த கைப்பேசி இருட்டறையில் கண்ணுக்குத் தருவது பெரும்பாலும் சில பத்து லக்ஸுக்கு மேற்படாது. நம் கடிகாரம் இந்தப் பேதங்களைக் கணக்கிட்டு நடக்கும் சுபாவமுடையது. 2013-இல் கென்னத் ரைட் என்பவர் சிலரைக் கொலராடோ மலைப்பகுதியில் ஒரு வாரம் கூடாரத்தில் தங்கவைத்து, மின்விளக்கும் கைவிளக்கும் இன்றி, சூரியனும் நெருப்புமே வெளிச்சமாக வாழச் செய்தார். அவர்களுடைய கடிகாரம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னுக்கு நகர்ந்து, சூரியாஸ்தமனத்தோடு இசைந்துவிட்டது. நகர வாழ்க்கையில் பகலும் அரையிருட்டு, இரவும் அரைவெளிச்சம் என்னும்படியாக நாம் வாழ்கிறோம். நமது நித்திரைக் கேட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது. அந்த அரைவெளிச்சத்தின் பெரும்பங்கு தலைக்குமேல் எரியும் விளக்கிலிருந்து வருகிறதே அன்றி, உள்ளங்கையிலிருக்கும் திரையிலிருந்து வருவதன்று.

இதனால் திரையை நிரபராதி என்று விடுதலை செய்துவிடலாகாது. 2019-இல் ஆஸ்திரேலியாவின் மொனாஷ் சர்வகலாசாலையில் 55 பேரைப் பரிசோதித்தபோது, மெலடோனினைப் பாதியாகக் குறைப்பதற்குச் சராசரியாக 25 லக்ஸே போதுமென்று கண்டார்கள். ஆனால் ஒருவருக்கு 6 லக்ஸ் போதியதாயிருக்க, இன்னொருவருக்கு 350 லக்ஸ் தேவைப்பட்டது. ஐம்பது மடங்குக்கு மேற்பட்ட இப்பேதத்தைச் சராசரிகள் மறைத்துவிடுகின்றன. "எனக்கு ஒன்றும் செய்வதில்லை" என்பவனும், "ஐந்து நிமிஷம் பார்த்தால் தூக்கமே போய்விடுகிறது" என்பவளும் இருவருமே மெய்யைச் சொல்பவர்களாக இருக்கக்கூடும். இளம்பிள்ளைகளின் நிலையோ இன்னும் கவலைக்குரியது. அவர்களுடைய கண்மணி அகன்றது, கண்ணின் வில்லை தெளிந்தது. 2014-இல் ஜப்பானிய ஆய்வாளர் ஹிகுச்சியும் அவர் சகாக்களும், ஒரே மாலை வெளிச்சத்தில் பள்ளிச் சிறுவர்களின் மெலடோனின் பெரியவர்களுடையதைக் காட்டிலும் ஏறக்குறைய இரு மடங்கு ஒடுங்கியதைக் கண்டனர். 2022-இல் இத்துறை அறிஞர் பலர் கூடி வெளியிட்ட அளவுகள் இவை: மெலனாப்சினின் கணக்கில், பகலில் கண்ணுக்குக் குறைந்தது 250 லக்ஸ், படுக்கைக்கு முந்திய மூன்று மணி நேரத்தில் 10-க்கு மேற்படாமல், உறங்குமிடத்தில் 1-க்கு மேற்படாமல். பகலுக்கு விதித்தது கீழெல்லை, இரவுக்கு விதித்தது மேலெல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். நம் ஊடகங்கள் இரண்டாவதைப் பற்றி மட்டுமே பேசுகின்றன.

இனித் திரையை மஞ்சளாக்கும் உபாயம். 2016-இல் ஆப்பிள் கைப்பேசியில் மாலையானதும் தானே நிறம் மாறும் ஏற்பாடு வந்தது. பிற நிறுவனங்களும் தொடர்ந்தன. நிறத்தை மாற்றினாலும் பிரகாசத்தைக் குறைக்காவிட்டால் மெலடோனினுக்கு நன்மை அற்பமே என்று சோதனைகள் காட்டின. 2021-இல் அமெரிக்காவின் பிரிகாம் யங் சர்வகலாசாலையினர், அவ்வேற்பாட்டுடன் கைப்பேசி பார்த்த இளைஞர்களுக்கும் அஃதின்றிப் பார்த்தவர்களுக்கும் நித்திரையில் பேதமில்லை என்று கண்டனர். ஆழ்ந்து யோசித்தால் இதில் வியப்பில்லை. படுக்கையில் கைப்பேசியோடு கிடப்பவன் விழித்திருப்பது ஒளியினால் மட்டுமா? ஒரு காணொளி முடியுமுன் அடுத்தது தானே தொடங்குகிறது. சண்டையும் வம்பும் கலந்த செய்தி ஒன்று மனத்தைக் கிளறுகிறது. மேலதிகாரியின் கட்டளை ஒன்று பதினோரு மணிக்கு வந்து விழுகிறது. பத்து மணிக்குப் படுக்கவேண்டியவன் பன்னிரண்டு மணிக்குப் படுத்தால் இழந்தது இரண்டு மணி நேர நித்திரை. அந்த இழப்பை எந்த மஞ்சள் நிறமும் ஈடு செய்யாது. நீல ஒளி சாஸ்திரீயமான பெயருடையதாகையால், பழக்கத்தின்மேல் போகவேண்டிய பழி அதன்மேல் சௌகரியமாக இறங்கிவிட்டது. வழக்கத்தை மாற்றாமல் கண்ணாடியை மாற்றிக்கொள்ளலாம் என்ற ஆறுதல், வாங்குபவருக்கும் விற்பவருக்கும் ஒருங்கே பிடித்திருக்கிறது. இதில் வஞ்சிக்கப்படுவது உறக்கமே என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

கண்ணுக்கு ஆகும் கேடு என்னும் இரண்டாவது வழக்கின் மூலம் 1976-இல் இருக்கிறது. அவ்வாண்டில் வில்லியம் ஹாமும் அவர் சகாக்களும், குரங்கின் விழித்திரையில் பல நிற லேசர் கிரணங்களைப் பாய்ச்சி, குறுகிய அலைநீளமுடைய நீலக் கிரணம் மற்றவற்றினும் மிகக் குறைந்த சக்தியிலேயே ரசாயன மாறுதலால் புண்ணாக்குவதை நிறுவினர். சூரியனையும் வெல்டிங் பொறியையும் வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது என்பதற்கு இது உறுதியான ஆதாரம். திரையோ அந்த வகுப்பைச் சேர்ந்ததன்று. பகல் வானத்தின் ஒளிர்வு சதுர மீட்டருக்குச் சில ஆயிரம் கேண்டெலா. திரையினதோ சில நூறு. ஜன்னல் வழியே நீல வானத்தை நோக்குகிறவன் திரை தருவதைப் போலப் பன்மடங்கு நீல ஒளியைப் பெறுகிறான். 2016-இல் பிரிட்டிஷ் பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் விளக்குகள், கணினிகள், பலகைக் கணினிகள், கைப்பேசிகள் ஆகியவற்றை அளந்து, நீண்ட நேரம் பார்த்தாலும் அவற்றுள் ஒன்றும் சர்வதேசப் பாதுகாப்பு வரம்பைத் தாண்டுவதில்லை என்று அறிவித்தனர். 2018-இல் அமெரிக்காவின் டொலிடோ சர்வகலாசாலையில் ஆய்வுக்கூடத்து உயிரணுக்களை வைத்துச் செய்த ஒரு சோதனை, 'கைப்பேசி குருடாக்கும்' என்ற தலைப்போடு உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தபோது, அவ்வணுக்கள் கண்ணின் அணுக்கள் அல்ல, பட்ட ஒளியும் திரையின் ஒளி அன்று என்பதை அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் எடுத்துச் சொல்லவேண்டியதாயிற்று. நீல ஒளித் தடுப்புக் கண்ணாடியை அக்கழகம் இன்றளவும் பரிந்துரைப்பதில்லை.

கடைகளில் நடக்கும் ஒரு காட்சியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மேசையின்மேல் ஒரு வெள்ளை அட்டை இருக்கும். விற்பனையாளர் பேனாவைப் போன்ற ஒரு சிறு விளக்கை எடுத்து அட்டைமேல் அடிக்க, ஊதா கலந்த நீலப் புள்ளி ஒன்று பளிச்சென்று தெரியும். சாதாரணக் கண்ணாடியை இடையில் பிடித்தால் புள்ளி அப்படியே இருக்கும். விலை அதிகமான கண்ணாடியைப் பிடித்தவுடன் மாயமாக மறைந்துபோகும். வாங்குபவர் வேறு கேள்வி கேட்பதில்லை. ஆனால் அந்தப் பேனாவின் ஒளி சாதாரணமாக 405 நேனோமீட்டர் அலைநீளமுடையது. ஊதாவின் எல்லையில் உள்ள அதைத் திரைகள் அநேகமாக வெளியிடுவதே இல்லை. திரையின் முகடு 450-இல் இருக்கிறது; மெலனாப்சின் இணங்குவதோ 480-ஐ ஒட்டி. நிறமற்றதாகத் தோன்றும் இக்கண்ணாடிகள் அப்பகுதியில் தடுப்பது பத்து முதல் இருபத்தைந்து சதவிகிதந்தான். அதற்கு மேல் தடுக்கவேண்டுமானால் கண்ணாடி அம்பர் நிறமாகக் கண்ணுக்குத் தெரியும். காட்சி பொய்யன்று, ஆனால் காட்டப்பட்ட ஒளி, விலக்குவதாக வாக்களிக்கப்பட்ட ஒளி அன்று. 2017-இல் பிரிட்டனில் இத்தகைய கண்ணாடிக்காகச் செய்த விளம்பரத்துக்காக ஒரு பெரிய நிறுவனத்துக்கு 40,000 பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. 2023-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு ஆறு தேசங்களின் 17 பரிசோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்து, இக்கண்ணாடிகளால் கண்ணின் களைப்பு குறைவதாகத் தெரியவில்லை என்றும், நித்திரையைப் பற்றி உறுதியாக ஒன்றும் சொல்வதற்கில்லை என்றும் முடிவு கூறியது.

திரை பார்த்தபின் கண் எரிகிறது, வலிக்கிறது என்பவர்களின் துன்பம் மெய்யானது. அதற்குக் காரணம் வேறு. நிமிஷத்துக்குப் பதினைந்து இருபது முறை இமைக்கவேண்டிய கண், திரையில் ஊன்றியிருக்கையில் ஐந்து ஏழு முறையே இமைக்கிறது. அதுவும் பாதி இமைப்பு. கண்ணீர்ப் படலம் உலர்ந்து, குளிர்சாதன அறையின் வறண்ட காற்றும் சேர்ந்துகொள்ள, எரிச்சல் உண்டாகிறது. அருகிலுள்ளதை மணிக்கணக்கில் நோக்குவதால் உள்தசைகள் இறுகுகின்றன. கண்ணாடியின் பவர் சரியில்லாதவருக்கும், நாற்பதைக் கடந்து வெள்ளெழுத்து தொடங்கியும் அதை ஒப்புக்கொள்ளாதவருக்கும் இச்சிரமம் இரட்டிப்பாகும். முறையான கண் பரிசோதனையும், அடிக்கடி தொலைவை நோக்கும் பழக்கமும், வேண்டுமாயின் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டும் இதற்குப் பரிகாரம்.

பிள்ளைகளின் கண்ணைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் நீல ஒளியைக் காட்டிலும் கிட்டப்பார்வையை எண்ணியே கவலைப்படவேண்டும். கிழக்காசிய நகரங்களில் பள்ளி முடிக்கும் இளைஞர்களில் பெரும்பாலோர் இக்குறையோடு வெளிவருகின்றனர். அதி தீவிரமான கிட்டப்பார்வை முதிய வயதில் விழித்திரை பிரிவதற்கும் குருட்டுக்கும் வழி கோலக்கூடியது. பிரகாசமான ஒளி விழித்திரையில் டோபமின் என்னும் ரசத்தைப் பெருக்கி, கண் கோளம் அளவுக்கு மீறி நீள்வதைத் தடுக்கிறது என்று கருதப்படுகிறது. சீனாவின் குவாங்சோ நகரில் 12 ஆரம்பப் பள்ளிகளை எடுத்து, அவற்றுள் பாதியில் முதல் வகுப்புப் பிள்ளைகளை நாள்தோறும் 40 நிமிஷம் கூடுதலாக வெளியில் விளையாட விட்டனர். 2015-இல் வெளியான முடிவின்படி, மூன்று ஆண்டுகளில் மற்றப் பள்ளிகளில் 39.5 சதவிகிதப் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருக்க, விளையாடிய பிள்ளைகளில் 30.4 சதவிகிதத்தினருக்கே வந்தது. தைவான் அரசாங்கம் 2010 முதல், பள்ளிப் பிள்ளைகள் நாள்தோறும் 120 நிமிஷம் வெளியில் இருக்கவேண்டும் என்னும் திட்டத்தை நடத்திவருகிறது. ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே வந்த பார்வைக் குறைவு 2012-இல் 49.4 சதவிகிதமாக இருந்து, 2015-இல் 46.1-ஆக இறங்கியது. மரநிழலிலும் சில ஆயிரம் லக்ஸ் உண்டு. ஆகையால் கொளுத்தும் வெயிலில் பிள்ளைகளை நிறுத்தவேண்டிய அவசியமும் இல்லை. பாடவேளையைப் பறித்துக்கொள்ளும் என்று விளையாட்டு வேளையைக் குறைக்கும் பள்ளிகளும், வகுப்புக்கும் தனிப்பாடத்துக்கும் இடையே பொழுது சாய்ந்துவிடும்படி பிள்ளைகளின் நாளை நிரப்பும் பெற்றோரும், அவர்களுக்கு நீல ஒளித் தடுப்புக் கண்ணாடி வாங்கித் தருவதற்குமுன் இந்த எண்களைப் படிப்பார்களாக.